கடலைப் பார்த்த வீடு

போன மாசி மாதம் பெங்களூரிலிருந்து என் மகன் கைப்பேசிக்கு ஒரு படம் அனுப்பினான். இன்னும் கட்டாத ஒரு வீட்டின் படம். கம்ப்யூட்டரில் வரைந்தது என்றாலும் புகைப்படம் போலவே இருந்தது. வெள்ளை வெளேரென்று இரண்டு அடுக்கு, தட்டையான மேல்தளம், கடல் பக்கம் தரையிலிருந்து கூரை வரை ஒரே கண்ணாடி. கண்ணாடிக்கு முன்னால் நீச்சல் குளம், அதற்கு முன்னால் மணல், அதற்கப்பால் கடல். கடலுக்குள் பாதி இறங்கிய ஆரஞ்சுச் சூரியன். மேஜை மேல் இரண்டு ஒயின் கிளாஸ்.

என் மனைவி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தாள். "ஏங்க, நம்ம கடல்ல சூரியன் உதிக்கத்தானே செய்யும்? விடியக்காலை ஆறு மணிக்கு இதை யார் குடிக்கப் போறாங்க?" என்றாள்.

சிரிப்புக்காகத்தான் கேட்டாள். எனக்கு அந்தக் கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. படத்தை வரைந்தவர் மேற்குக் கரையில் எங்கோ பார்த்த ஒரு வீட்டைப் பெயர்த்து எடுத்து வந்து வங்காள விரிகுடா ஓரத்தில் நட்டுவிட்டார். அங்கே அந்தியில் பார்க்கிற சூரியனை இங்கே காலையில் முகத்தில் வாங்க வேண்டும். படத்தைப் பார்த்து இடம் வாங்கலாம், படத்துக்குள் குடியிருக்க முடியாது.

இடம் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில், சாமியார்பேட்டைப் பக்கம். இருபது சென்ட். மருமகள் சிதம்பரத்துப் பெண். இரண்டு பக்கத்துப் பெரியவர்களுக்கும் பொதுவாக நடுவில் ஒரு வீடு என்பது மகனின் கணக்கு. நல்ல மனசுக் கணக்குதான், குறை சொல்லமாட்டேன். திருப்பாதிரிப்புலியூரில் நாங்கள் இருக்கும் வீட்டை விற்றுவிட்டு, அந்தப் பணத்தோடு அவன் சேமிப்பையும் போட்டுக் கட்டுவது. நாங்கள் இருவரும் அங்கேயே போய் இருப்பது. அவர்கள் விடுமுறைக்கு வருவது, பிறகு ஒரு நாள் நிரந்தரமாக வருவது. எனக்கு எழுபத்து நான்கு, அவளுக்கு அறுபத்தொன்பது. வருஷத்தில் முந்நூறு நாள் அந்த வீட்டில் இருக்கப் போவது நாங்கள். ஆகவே இது அடுத்தவர் வீட்டைப் பற்றி ஒரு பென்ஷன்காரர் சொல்லும் அபிப்பிராயம் அல்ல.

போனில் சொல்லிப் பார்த்தேன். பாதியில் அவனுக்கு வேறு அழைப்பு வந்துவிடுகிறது. எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கடலோரத்தில் வீடு கட்ட வேண்டும் என்ற ஆசை நம் ஊர்ப் பிள்ளைகள் பலருக்கு இப்போது வந்திருக்கிறது. அவர்களைப் பெற்றவர்களும் படிக்கட்டும்.

முதலில் வெயில். உச்சி வெயிலை ஒரு சன்ஷேடு போட்டுத் தடுத்துவிடலாம். தாழ்வாக வரும் காலை வெயிலை எந்த சன்ஷேடும் தடுக்காது. அது படுத்துக்கொண்டே உள்ளே வரும். கிழக்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி என்றால் சித்திரையில் ஏழு மணிக்கே கூடம் அடுப்பாகும். திரை போட்டுக்கொள்ளலாம் என்கிறான் மகன். லட்சக்கணக்கில் கொடுத்துக் கடல் தெரியக் கண்ணாடி போட்டு, அதைப் பத்து மணி வரை திரையால் மூடுவதற்கு என்ன பெயர் வைப்பது? வடக்குப் பக்கத்தையும் நம்ப முடியாது. சித்திரை பிறந்து ஒரு வாரத்திலிருந்து ஆவணி பிறந்து ஒரு வாரம் வரை நம் ஊரில் நடுப்பகல் சூரியன் தலைக்கு வடக்கேதான் போகிறது. இதெல்லாம் என்ஜினியருக்குத் தெரியாத விஷயமில்லை. யாரும் கேட்காததால் அவர் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அடுத்தது காற்று. கடலோர வீட்டில் நமக்குக் கிடைக்கும் சொத்து என்று நான் நினைப்பது காற்றைத்தான், காட்சியை அல்ல. வெயில் காலத்தில் காலையெல்லாம் மேற்கிலிருந்து கச்சான் அனலாக அடிக்கும். மதியத்துக்கு மேல் கடற்காற்று திரும்பும். திரும்பிய அந்த நிமிஷத்தில் கடலூர்க்காரன் எவனும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பெருமூச்சு விடுவான். நகராத பெரிய கண்ணாடி போட்டால் அந்தக் காற்று கண்ணாடியில் முட்டிக்கொண்டு திரும்பிப் போகும். இன்னொன்று, வருகிற காற்றுக்குப் போகவும் வழி வேண்டும். அந்தப் படத்தின்படி மேற்குப் பக்கம் முழுவதும் குளியலறை, ஸ்டோர், கார் நிறுத்துமிடம். கிழக்கே கதவைத் திறந்து வைத்தாலும் காற்று வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போகுமே தவிர உள்ளே வராது.

"ஏசி இருக்கேப்பா" என்றான்.

இருக்கும். 2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் அடித்ததை அவன் பெங்களூரிலிருந்து தொலைக்காட்சியில் பார்த்தான். நாங்கள் கட்டிலுக்கு அடியில் படுத்திருந்தோம். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன, மின்கம்பங்கள் வரிசை வரிசையாக ஒடிந்தன. எங்கள் தெருவுக்கு மின்சாரம் வரப் பத்து நாளுக்கு மேல் ஆயிற்று. கிராமங்களுக்கு அதைவிடத் தாமதம். எங்கள் வீட்டு ஜன்னல்கள் மரக்கதவு போட்டவை. ஒரு கதவின் கீல் பிய்ந்தது, தச்சர் வந்து சரிசெய்துவிட்டார். பன்னிரண்டு அடிக் கண்ணாடி உடைந்திருந்தால் யாரைக் கூப்பிடுவது? உடையாத கண்ணாடியாகவே இருக்கட்டும். மின்சாரம் இல்லாத அந்தப் பத்து நாள் மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் எப்படி இருப்பது? போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஃபெஞ்சல் வந்தபோதும் இதே கதைதான். புதுச்சேரியருகே புயல் கரையைக் கடந்து இரண்டு நாளில் தென்பெண்ணை பெருகி ஊருக்குள் வந்தது.

நான் பழைய வீடுதான் உசத்தி என்று சொல்லும் ஆள் இல்லை. திண்ணை, முற்றம், தேக்குத் தூண் என்று உருகுபவர்களில் பாதிப்பேர் அந்த வீடுகளை விற்றுவிட்டு வந்தவர்கள். கடலோரத்துக்கு நவீன வீடு முடியும். முடியும் என்பதை என் பள்ளிப் பருவத்திலேயே தினமும் பார்த்திருக்கிறேன்.

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். பள்ளி விட்டு வரும்போது கடற்கரைப் பக்கம் சுற்றிவிட்டு வருவோம். அந்த வழியில் அரவிந்தர் ஆசிரமத்தின் விடுதிக் கட்டடம் ஒன்று உண்டு, கோல்கொண்டா என்று பெயர். இன்றும் இருக்கிறது. எங்களுக்கு அது ஒரு வேடிக்கை. ஜன்னலே இல்லாத கட்டடம். சுவர் முழுக்கப் படுக்கை வசத்தில் பலகை பலகையாக மடிப்புகள். சில நேரம் திறந்திருக்கும், சில நேரம் மூடியிருக்கும், மீனின் செவுள் மாதிரி. "செவுள் வீடு" என்றுதான் சொல்வோம்.

அதைப் பற்றிப் பிற்பாடுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். வரைந்தவர் அன்டனின் ரேமண்ட், செக் நாட்டில் பிறந்த அமெரிக்கர், ஜப்பானில் வேலை பார்த்தவர். பணிகளைக் கூட இருந்து கவனித்தவர்கள் சாம்மர் என்ற செக்காரரும் ஜார்ஜ் நகஷிமாவும். நகஷிமா பின்னாளில் மரச்சாமான்கள் செய்வதில் அமெரிக்காவில் பெரும் புகழ் பெற்றார். 1937-இல் வேலை ஆரம்பித்தது, 1940-களில்தான் முடிந்தது. ஹைதராபாத் திவான் சர் அக்பர் ஹைதரி மூலம் நிஜாமிடமிருந்து பணம் வந்ததால் அந்தப் பெயர். இந்தியாவில் இரும்புக் கம்பி கான்கிரீட்டில் கட்டிய நவீனக் கட்டடங்களில் முந்தியவற்றில் ஒன்று. ஆக நம் கடலூரிலிருந்து இருபது சொச்சம் கிலோமீட்டரில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில், கிட்டத்தட்ட எண்பது தொண்ணூறு வருஷமாக ஒரு நவீனக் கட்டடம் நின்றுகொண்டிருக்கிறது.

அதில் கண்ணாடிச் சுவர் கிடையாது. அகலம் குறைந்த, நீளமான கட்டடம். ஒரு பக்கம் நடைவழி, ஒரு பக்கம் அறைகள், நடுவில் நகர்த்தும் தேக்குக் கதவுகள். வடக்கிலும் தெற்கிலும் அந்தச் செவுள் பலகைகள். கிழக்கையும் மேற்கையும் மொட்டைச் சுவராக மூடிவிட்டார்கள். வெயில் உள்ளே வராது, காற்று ஒரு பக்கம் நுழைந்து மறு பக்கம் போகும். மேல்தளத்தின் மீது கொஞ்சம் இடைவெளி விட்டு வளைந்த கான்கிரீட் ஓடுகள். வெயில் ஓட்டோடு நின்றுவிடும், தளம் கொதிக்காது. இதையெல்லாம் ஏசி என்ற யோசனையே இல்லாத காலத்தில் செய்தார்கள். கடல் அத்தனை பக்கத்தில் இருந்தும் கட்டடத்தைக் கடலைப் பார்க்க வைக்கவில்லை என்பதுதான் நான் சொல்ல வருவது. காற்றைப் பார்க்க வைத்தார்கள்.

புதுச்சேரியின் வெள்ளைக்காரத் தெருக்களிலும் அப்படித்தான். கடலிலிருந்து ஒரு தெரு, இரண்டு தெரு தள்ளி இருக்கும் பிரெஞ்சுக்காரர் வீடுகளை நினைத்துப் பாருங்கள். தெருவுக்கு உயரமான மதில், பெரிய கதவு. தூண் வைத்த தாழ்வாரம் உள்ளே தோட்டத்தைப் பார்த்து இருக்கும். ஜன்னலுக்கெல்லாம் பட்டைப் பட்டையாக மரக்கதவு, நாங்கள் பெர்சியென் என்போம். பதினொரு மணிக்கு அதைச் சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். சாயங்காலம் கடல் பார்க்க வேண்டுமா? தொப்பியை எடுத்துக்கொண்டு நடந்து போவார்கள். கடல் வீட்டுக்குள் வர வேண்டும் என்று அவர்களும் நினைக்கவில்லை, வாய்க்காலுக்கு மேற்கே திண்ணை போட்டு வாழ்ந்த நம்மவர்களும் நினைக்கவில்லை.

ஆங்கிலேயனை எடுத்துக்கொண்டாலும் அதே கதை. தேவனாம்பட்டினத்தில் செயின்ட் டேவிட் கோட்டையைக் கடலோரமாக வைத்துக்கொண்டான், குடியிருக்கத் தோட்ட மாளிகையை மஞ்சக்குப்பத்தில் கட்டிக்கொண்டான். கோட்டையை 1758-இல் லாலி தலைமையில் வந்த பிரெஞ்சுப் படை பிடித்து இடித்துவிட்டது. தோட்ட மாளிகை இன்றும் இருக்கிறது. அதற்குக் காரணம் கடல் மட்டுமல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்லத் தோன்றியது.

இதையெல்லாம் சொன்னபோது மகன் சொன்ன பதில் என்னைக் கொஞ்சம் வாயடைக்க வைத்தது. "நீங்க கடலூர்லேயே இத்தனை வருஷம் இருந்து, ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வெள்ளிக் கடற்கரைக்குப் போய் ஒரு மணி நேரம்தாம்பா கடலைப் பார்த்தீங்க. அம்மா அதுவும் இல்லை. அடுப்படி ஜன்னல்லேருந்து பக்கத்து வீட்டுச் சுவரைத்தான் பார்த்துக்கிட்டிருந்தாங்க. கடைசி காலத்திலயாவது கடலைப் பார்க்கட்டுமேன்னு நினைச்சேன்."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவள் பார்த்தது பக்கத்து வீட்டுச் சுவர்தான்.

இரண்டு நாள் கழித்து இன்னொரு படம் அனுப்பினான். இது நிஜப் புகைப்படம். இலங்கையில் மிரிஸ்ஸ என்ற ஊரில் ஜெஃப்ரி பாவா கட்டிய வீடு, ஜெயவர்தனா குடும்பத்தினருடையது. பாவாவின் கடைசிக் காலத்து வேலைகளில் ஒன்று, 1990-களின் பிற்பகுதி. மெல்லிய இரும்புத் தூண்கள் மேல் பெரிய கூரை ஒன்று மிதக்கிற மாதிரி நிற்கிறது. அடியில் பெரிய கூடம், சுவரே கிட்டத்தட்ட இல்லை. முன்னால் கடல். "பாருங்க, முழுக்கத் திறந்த வீடு. ஆசியாவிலேயே பெரிய ஆர்க்கிடெக்ட் கட்டினது" என்று எழுதியிருந்தான்.

அழகான வீடு. எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் பெரிதாக்கிப் பார்த்தால், முதலாவது, அந்த வீடு நிற்பது பாறைக் குன்றின் மேல். கடல் எங்கோ கீழே இருக்கிறது. சாமியார்பேட்டையில் குன்றுக்கு எங்கே போவது? இரண்டாவது, அங்கே கண்ணாடி இல்லை, காற்று இருக்கிறது. மூன்றாவது, கூரை தாராளமாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, கீழே நிழல். நான்காவது, படுக்கையறைகள் அந்தத் திறந்த கூடத்தில் இல்லை, மேடைக்கு அடியில் அடக்கமாக இருக்கின்றன. கடல் பார்க்க ஓர் இடம், தூங்க வேறோர் இடம். மகன் எனக்கு எதிராக அனுப்பிய சாட்சி எனக்குச் சாதகமாகச் சொல்லிவிட்டுப் போயிற்று. அதை அவனுக்கு எழுதினேன். ஒரு கைகூப்பும் படம் மட்டும் பதிலாக வந்தது.

சம்பந்தி அவன் கட்சி. சிதம்பரத்தில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், என்னைவிட மூன்று வயது இளையவர். "காலையில காபியைக் கையில வச்சுக்கிட்டு உதயத்தைப் பார்க்கிற சுகம் உங்களுக்கு ஏன் சம்பந்தி பிடிக்கலை?" என்று கேட்டார். அவர் வீட்டில் அருமையான முற்றம் ஒன்று இருந்தது. மழை வருகிறது, குரங்கு வருகிறது என்று மேலே பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடிவிட்டார். அன்றிலிருந்து மதியத்தில் சட்டையைக் கழற்றிவிட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறார். அதை நான் நேரில் சொல்லவில்லை, சம்பந்தி உறவு பெரிது. இங்கே எழுதினால் படிப்பார், படிக்கட்டும்.

வெயிலும் காற்றும் சௌகரியக் கணக்கு. இனி சொல்வது வேறு கணக்கு.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. அதற்கு மறுநாளிலிருந்து பல வாரம் குப்பங்களில் எனக்குக் கணக்கெடுப்பு வேலை. தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு, சோனாங்குப்பம், தெற்கே சாமியார்பேட்டை வரை போயிருக்கிறேன். மாவட்டத்தில் 600-க்கும் மேற்பட்டோர் போய்விட்டார்கள். அதைப் பற்றி எழுத எனக்கு இப்போதும் கை வராது. என் படிவத்தில் இரண்டு கட்டங்கள்: முழுச் சேதம், பகுதிச் சேதம். வீடு வீடாக எழுதிக்கொண்டே போகும்போது ஒன்றைக் கவனித்தேன். கடலுக்கு முகம் காட்டி நின்ற சுவர்கள் படுத்திருந்தன. கடலுக்குப் பக்கவாட்டாக, கிழக்கு மேற்காக ஓடிய சுவர்கள் பல நின்றன. நான்கு சுவரில் இரண்டு நிற்கும், இரண்டு இருக்காது. அதை எழுத என் படிவத்தில் கட்டம் இல்லை.

பிச்சாவரம் பக்கம் சுரபுன்னைக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் தப்பின. காட்டுக்கு வெளியே, கடலுக்கு முன்னால் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு தப்பவில்லை. மறு வருஷம் வெளிநாட்டு அறிவியலாளர்களும் நம்மவர்களும் சேர்ந்து இதை ஆராய்ந்து 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள். மரங்கள் அடர்ந்த இடத்தில் சேதம் குறைவு என்பதைக் கடலூர் மாவட்டக் கடற்கரையை வைத்தே காட்டினார்கள். நம் என்ஜினியரின் வரைபடத்தில் ஒரு வரி: வீட்டுக்கு முன்னால் உள்ள மணல்மேட்டைச் சமன் செய்ய வேண்டும், கடல் மறைக்கிறதாம். அடம்பங்கொடி படர்ந்து, இரண்டு தாழைப் புதரோடு நிற்கும் அந்த மேட்டை யாரும் காசு கொடுத்துக் கட்டவில்லை. அதனால் அதற்கு விலை இல்லை என்று நினைக்கிறார்கள்.

சுனாமிக்குப் பிறகு அரசாணை வந்தது. 200 மீட்டருக்குள் இருந்தவர்கள் பின்னால் போக ஒப்புக்கொண்டால் புது வீடு. போக மனமில்லாதவர்கள் தாங்களே பழுது பார்த்துக்கொள்ளலாம், உதவி கிடையாது. ஏறக்குறைய 325 சதுர அடியில் கான்கிரீட் வீடுகள் வரிசையாக எழுந்தன. பலர் போனார்கள். போய், ஒரு வெயில் காலம் இருந்து பார்த்துவிட்டு, வாசலில் தென்னங்கீற்றுப் பந்தல் போட்டுக்கொண்டு அதன் கீழேயே இருக்க ஆரம்பித்தார்கள். அப்போது ஒரு பெரியவரிடம் கேட்டேன், கடலை விட்டுத் தள்ளி வந்தது கஷ்டமாக இல்லையா என்று. "வலையையும் போட்டையும் விட்டுட்டு வந்ததுதான் சார் கஷ்டம். கடலைப் பார்க்கறதுக்கென்ன, தினம் அதுமேலதானே போறேன். வீடு தூங்கறதுக்கு" என்றார். அவர்கள் பழைய குடிசைகளின் கூரை நெஞ்சளவுக்கு இறங்கி இருக்கும், குனிந்துதான் நுழைய வேண்டும். ஏழ்மை என்று நினைத்திருந்தேன். காற்றுக்குத் தலைகுனிந்த கூரை அது என்பது தானேவுக்குப் பிறகு புரிந்தது.

கடலை நம்பிப் பிழைத்தவர்களைப் பின்னால் போகச் சொல்லிவிட்டு, கடலை வேடிக்கை பார்க்கப் போகிறவர்கள் நாம் முன்னால் வருகிறோம். இருபது சென்ட்டைச் சுற்றி மதில் எழுப்பினால் வலை காயப்போடும் இடமும் கரைக்குப் போகும் ஒற்றையடிப் பாதையும் என்ன ஆகும்? என் மகன் நல்லவன், கேட்டால் வழி விட்டுவிடுவான். ஆனால் கேட்க வேண்டிய நிலைக்கு அவர்களைக் கொண்டுவருவதே எனக்கு ஒப்பவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தேன். கிளார்க் புத்தி போகாது. கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை 1991-இல் முதலில் வந்தது, பிறகு 2011, பிறகு 2019. உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை அதன் ஆட்சி. ஊரகக் கடற்கரையில் முதல் 200 மீட்டர் கட்டக்கூடாத பகுதி. 2019 அறிவிக்கை மக்கள் நெருக்கம் மிகுந்த ஊர்களுக்கு அதை 50 மீட்டராக்கியது. அதற்குப் பின்னால் கட்டலாம் என்றாலும் உயரம் 9 மீட்டர், தரைத்தளமும் ஒரு மாடியும் என்ற வரம்பு உண்டு. இடம் விற்றவர் "பஞ்சாயத்தில் பார்த்துக்கொள்ளலாம்" என்றாராம். பஞ்சாயத்து பார்த்துக்கொள்ளும் விஷயம் இல்லை இது. அந்தக் கோடும் நம் கால் நனையும் இடம் அல்ல, வரைபடத்தில் இருக்கும் கோடு. அதிலிருந்து நம் இடம் எத்தனை மீட்டர் என்ற எண் கையில் வரும்வரை ஒரு செங்கல் வாங்கக்கூடாது என்று மகனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். இந்த ஒரு விஷயத்தில் அவன் மறுபேச்சுப் பேசவில்லை.

கோடும் நின்ற இடத்தில் நிற்பதில்லை. நான் படித்த காலத்தில் புதுச்சேரிக் கடற்கரையில் மணல் இருந்தது, கட்டுமரங்களை இழுத்துப் போடுவார்கள். 1980-களின் கடைசியில் தெற்கே துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர்கள் நீண்டன. நம் கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகர்வது. அதை மறித்ததும் வடக்கே இருந்த மணல் கரைந்து போய், கருங்கல் கொட்ட வேண்டியதாயிற்று. நாம் கட்டும் வீடு அசையாது. அதன் முன்னால் இருக்கும் கரை எங்கோ ஒரு கல் சுவருக்காக நகரும்.

கான்கிரீட் விஷயம் ஒன்று சொல்லிவிடுகிறேன், இது கட்டப் போகிற எல்லாருக்கும் உதவும். உப்புக் காற்று கான்கிரீட்டுக்குள் மெல்ல இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு பருத்துக் கான்கிரீட்டை வெடிக்கச் செய்யும். நம் ஊரில் பதினைந்து வருஷத்து வீடுகளில் சன்ஷேடின் அடிப்பக்கம் பெயர்ந்து கம்பி பல்லிளிப்பதைப் பார்த்திருப்பீர்கள். இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 456 கடலோரக் காற்றில் நிற்கும் கான்கிரீட்டுக்கு எம் 30 தரம், கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் கவர் என்கிறது. அலைத் தூவல் படும் இடமானால் எம் 35, 50 மில்லிமீட்டர். நம் கொத்தனார்கள் பழக்கத்தில் வைப்பது முக்கால் அங்குலம், அதாவது 20 மில்லிமீட்டருக்கும் குறைவு. கையில் ஸ்கேல் வைத்துக்கொண்டு கம்பி கட்டும் அன்று பக்கத்தில் நின்றால் போதும். அதற்கு ஆர்க்கிடெக்ட் தேவையில்லை, பென்ஷன்காரர் போதும். கரை மணலைக் கழுவாமல் கலவையில் போடுகிறவர்களும் உண்டு. அது கம்பிக்கு நாமே உப்பு ஊட்டுவது.

தண்ணீர் பற்றியும் கொஞ்சம். கடலோர மணலில் ஆழமில்லாமல் தோண்டினால் நல்ல தண்ணீர் வரும். மழைத் தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய படலமாக மிதப்பதால் கிடைப்பது அது. போர் போட்டு மோட்டார் வைத்து உறிஞ்சினால் அடியில் இருக்கும் உப்பு மேலே ஏறும். நமக்கு மட்டுமல்ல, பக்கத்துக் குப்பத்துக் கிணற்றுக்கும். இந்த லட்சணத்தில் கடலுக்கு எதிரே ஒரு நீச்சல் குளம்! அதை நான் ஒரே வரியில் அடித்துவிட்டேன்.

நான் கேட்பது இதுதான். வீடு கட்டு, நவீனமாகவே கட்டு. 200 மீட்டருக்குப் பின்னால் போ, மணல்மேட்டைத் தொடாதே. கிழக்கு மேற்காக நீளமாக, அகலம் குறைவாக வை. தரைமட்டத்தை நன்றாக உயர்த்து, ஆனால் படியோடு ஒரு சரிவுப் பாதையும் போடு, எனக்கு முழங்கால் வலி. வடக்கிலும் தெற்கிலும் எதிரெதிராக ஜன்னல், ஓட்டுக்கட்டை வைத்த மரக்கதவு. படுக்கையறைகள் நிழலான பக்கத்தில். எங்களுடையது கீழே. கடல் பக்கம் எட்டடி அகலத்துக்கு ஒரு தாழ்வாரம், தாழ இறங்கிய கூரையோடு. காலையில் காபியோடு சம்பந்தியும் நானும் உட்காருவோம், வெயில் ஏறினால் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொள்வோம்.

மனைவியிடம் உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். இத்தனை நாள் இந்த விவகாரத்தில் அவளிடம் யாரும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. "அடுப்படியில நின்னா கடல் தெரியணும். பெரிசா வேணாம், ஒரு ஜன்னல் அளவுக்குப் போதும். அப்புறம் வடகம் காயவைக்க ஒரு இடம்" என்றாள்.

பங்குனியில் புது வரைபடம் வந்தது. குளம் போய்விட்டது. தாழ்வாரம் வந்திருக்கிறது, ஐந்தடிதான். அடுப்படி கிழக்கு மூலைக்கு வந்திருக்கிறது, ஜன்னலோடு. மாடியில் அவர்கள் படுக்கையறைக்கு மட்டும் இன்னும் எட்டடிக் கண்ணாடி இருக்கிறது. அதன் மேல் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

வருகிற ஞாயிறு அவர்கள் ஊருக்கு வருகிறார்கள். சம்பந்தி வீட்டாரும் வருகிறார்கள், எல்லாருமாக இடத்தைப் பார்க்கப் போகிறோம். விடியற்காலையில் போகலாம், உதயம் அழகாக இருக்கும் என்றான் மகன். பகல் பன்னிரண்டுக்குப் போய்க் காற்று திரும்பும்வரை இருக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். குடை எடுத்து வரச் சொல்லவில்லை.